12 திரை கொண்ட செயலிக்கு இவ்வளவு கனமான ஃபிரேம்வொர்க் எதற்கு?

வெற்றுப்பக்கம் கேட்டது:

உள்பயன்பாட்டுக்கான ஒரு செயலி. மொத்தம் 12 திரை: உள்நுழைவு, ஐந்து பட்டியல், நான்கு படிவம், ஓர் அறிக்கை, ஒரு பணி ஒதுக்கீட்டுப் பலகை. ஒரே நேரத்தில் 40 பேருக்கு மேல் வரமாட்டார்கள். எழுதப்போவது மூன்று பேர்.

குழு முன்வைத்த அடுக்கு: நெக்ஸ்ட்.ஜேஎஸ் (ரியாக்ட் மேல் கட்டிய ஃபிரேம்வொர்க்), டைப்ஸ்கிரிப்ட் (தரவு வகைகளைக் குறிக்கும் ஜாவாஸ்கிரிப்ட்), ஸ்டேட்டுக்கு (திரையின் அப்போதைய நிலையை வைக்கும் தரவுக்கு) ஒரு லைப்ரரி, படிவத்துக்கு ஒன்று, தரவு எடுக்க ஒன்று, பின்னால் தனியாக ஓர் ஏபிஐ சர்வர் (தரவை மட்டும் தருவது). நான் சொன்ன மாற்று: ஜாங்கோ (பைத்தான் ஃபிரேம்வொர்க்) டெம்ப்ளேட், அதாவது சர்வரே பக்கத்தைக் கட்டி அனுப்புவது; தேவையான இடத்தில் மட்டும் எச்டிஎம்எக்ஸ் (சர்வர் தரும் எச்டிஎம்எல் துண்டைப் பக்கத்தில் பொருத்தும் சிறு லைப்ரரி). "நாளைக்குத் தேவைப்படும்" என்றார்கள். எதற்குத் தேவைப்படும் என்று கேட்டால் தெளிவாக எதுவும் வரவில்லை.

"டிரெண்ட்", "ரெஸ்யூமேயில் போட்டுக்கொள்ள" போன்ற பதில்கள் வேண்டாம். அவற்றில் உண்மை இருக்கலாம், ஆனால் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. கனமான ஃபிரேம்வொர்க் உண்மையிலேயே தீர்த்துவைக்கிற சிக்கல் எது? எளிய வழியில் போனால் சரியாக எந்த இடத்தில் உடையும்?


மூன்றாம்_அடுக்கு எழுதியது:

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் உண்டு: ஸ்டேட். அது என்ன செய்யும் என்பதை உங்கள் பட்டியல் திரை ஒன்றிலேயே காட்டிவிடலாம்.

ஒவ்வொரு வரிசையிலும் ஒரு செக்பாக்ஸ். தலைப்பில் "எல்லாம்" என்று ஒரு செக்பாக்ஸ். மேலே "7 தேர்வு" என்று எண்ணிக்கை. எதுவும் தேர்வாகாதபோது மங்கிக் கிடக்கும் நீக்கு பொத்தான். ஆக, திரையில் ஒத்துப்போக வேண்டிய இடங்கள் நான்கு. இவற்றை மாற்றக்கூடிய நிகழ்வுகளை எண்ணுங்கள்: ஒரு வரிசையைத் தட்டுவது, "எல்லாம்" தட்டுவது, வடிகட்டி மாற்றுவது, ஒரு வரிசையை நீக்குவது, அடுத்த பக்கம் போவது. ஐந்து. கையால் எழுதினால் நான்கு பெருக்கல் ஐந்து, 20 இணைப்பு. அதில் ஒன்றை மறந்தால் போதும். தேர்வான வரிசையை அதன் பக்கத்திலுள்ள தனிப் பொத்தானால் நீக்கியபின் எண்ணிக்கை 7 என்றே நிற்கும். "எல்லாம்" செக்பாக்ஸின் நடுநிலை இன்னும் மோசம். பாதி தேர்வான நிலையைக் காட்டும் அந்தக் கோட்டுக்கு எச்டிஎம்எல்லில் ஆட்ரிபியூட்டே கிடையாது, ஜாவாஸ்கிரிப்டில் இருந்துதான் வைக்க முடியும். எனவே சர்வர் அனுப்பும் எச்டிஎம்எல்லை மட்டும் நம்பி அதைச் சரியாகக் காட்டவே முடியாது.

2006இல் வந்த ஜேக்வெரி லைப்ரரி இந்த 20 இணைப்பையும் எழுதுவதைச் சுருக்கியது. இணைப்புகளை இல்லாமல் ஆக்கவில்லை. 2013இல் வெளியான ரியாக்ட் கேட்டது வேறு: தேர்வான எண்களை ஓர் இடத்தில் வை, திரை எப்படி இருக்க வேண்டும் என்பதை அதிலிருந்து கணக்கிடு, மாற்ற வேண்டியதை நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன். 20 இணைப்பு போய் ஐந்து நிகழ்வும் ஒரு கணக்கீடும் மிஞ்சும். ஆறாவது நிகழ்வு சேரும்போது இன்னும் நான்கு இடத்தைத் தேடித் தொட வேண்டியதில்லை. இதுதான் ஆதாயம், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

"இதை நானே எழுதிக்கொள்கிறேன், ஓர் ஆப்ஜெக்ட், ஒரு ரெண்டர் ஃபங்ஷன்" என்று தோன்றும். முதல் நாள் நன்றாகவே ஓடும். ரெண்டர் ஃபங்ஷன் முழு எச்டிஎம்எல்லையும் சரமாகக் கட்டி உள்ளே திணிக்கிறது என்று வையுங்கள். பயனர் தேடல் பெட்டியில் தட்டிக்கொண்டிருக்கும்போது திரை புதுப்பிக்கப்பட்டால் அந்தப் பெட்டியே அழிந்து புதிதாகப் பிறக்கும். ஃபோகஸ் போகும், கர்சர் இருந்த இடம் போகும், உள் பட்டியலின் ஸ்க்ரோல் மேலே குதிக்கும். பல விசை சேர்ந்து ஓர் எழுத்தாகும் மொழிகளில் தட்டச்சு செய்பவருக்குப் பாதி எழுத்தே அறுந்து விழும். இதைத் தவிர்க்கப் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு மாறியதை மட்டும் தொட வேண்டும். வரிசைகள் இடம் மாறினால் எது எதுவென்று அறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கீ வேண்டும். அந்த இடத்துக்கு வந்துவிட்டால் நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது இன்னொரு ஃபிரேம்வொர்க், அதுவும் ஆவணமும் சோதனையும் இல்லாத ஒன்று. அனுபவமுள்ளவர்கள் முன்கூட்டியே கனமானதை எடுப்பதற்கு இந்தப் பாதை தெரிந்திருப்பதும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட் எல்லாமே காட்டப்படும் உரையைத் தாமாகவே எஸ்கேப் செய்கின்றன, அதாவது நிரலாக ஓடாதபடி வெறும் எழுத்தாக்குகின்றன. கையால் சரம் ஒட்டும்போது பயனரின் பெயரில் ஒரு ஸ்கிரிப்ட் ஒளிந்திருந்தால் அது ஓடிவிடும். ஓர் இடத்தில் மறந்தாலும் எக்ஸ்எஸ்எஸ் (வெளியார் ஸ்கிரிப்டை ஓடவிடும்) ஓட்டைதான். ஜாங்கோ டெம்ப்ளேட்டும் எஸ்கேப் செய்யும் என்பதால் அந்தப் பக்கம் உங்கள் மாற்று பாதுகாப்பானதே. ஆபத்து இருப்பது நடுவில் எழுதும் சொந்த ஜாவாஸ்கிரிப்டில்.


பைட்_எண்ணி எழுதியது:

"கனம்" என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எடை பெரும்பாலும் நாம் குறை சொல்கிற இடத்தில் இருப்பதில்லை.

கம்ப்ரஸ் செய்தபின் ரியாக்ட் 18உம் பக்கத்தை மாற்றும் அதன் டாம் பகுதியும் சேர்ந்து ஏறக்குறைய 45 கேபி. ஜேக்வெரி 3 ஏறக்குறைய 30. எச்டிஎம்எக்ஸ் ஏறக்குறைய 15. ரியாக்டின் சிறிய மாற்றான பிரியாக்ட் 4ஐ ஒட்டி. ரியாக்டுக்கும் ஜேக்வெரிக்கும் இருக்கும் 15 கேபி வித்தியாசத்தை ஒரு சாதாரணப் படமே விழுங்கிவிடும். பண்டில் (பிரவுசருக்குப் போகும் மொத்த ஜாவாஸ்கிரிப்ட்) 400, 500 கேபி ஆவது எதனால் என்றால் எல்லா மொழி வடிவங்களோடும் உள்ளே வரும் தேதி லைப்ரரி, ஒரே ஒரு ஃபங்ஷனுக்காக முழுதாக இறக்குமதியாகும் லோடாஷ் என்ற துணைக்கருவித் தொகுப்பு, ஆறு ஐகானுக்காக வரும் ஆயிரம் ஐகான், எல்லாப் பக்கத்திலும் ஏறும் எடிட்டர். தேதியை வடிவமைக்க மட்டும் என்றால் பிரவுசரிலேயே இன்ட்ல் என்ற வசதி இருக்கிறது, ஒரு பைட்டும் செலவில்லை.

முடிவெடுக்கும் முன் அளந்து பாருங்கள். குரோம் டெவ்டூல்ஸில் கவரேஜ் பேனலைத் திறந்து பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். ஒவ்வொரு கோப்பிலும் எத்தனை சதவீதம் ஓடவேயில்லை என்று சிவப்பில் காட்டும். பிறகு பெர்ஃபார்மன்ஸ் பேனலில் சிபியூவை 4 மடங்கு அல்லது 6 மடங்கு மெதுவாக்கி அதே பக்கத்தைப் பதிவு செய்யுங்கள். டெவலப்மென்ட் பில்டில் அளக்காதீர்கள், அதில் எச்சரிக்கைச் சோதனைகள் நிறைய இருப்பதால் எண்கள் பொய் சொல்லும். கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகோல்: பெரிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தட்டலுக்கான பதில் 200 மில்லிசெகண்டுக்குள் வர வேண்டும். 75ஆவது சதமானத்தில்தான் பார்ப்பார்கள், சராசரியில் இல்லை. 2024 மார்ச்சில் முதல் தட்டலின் தாமதத்தை மட்டும் பார்க்கும் பழைய அளவை எடுத்துவிட்டு எல்லாத் தட்டலையும் பார்க்கும் ஐஎன்பியை வைத்தார்கள். அதன்பிறகு ஹைட்ரேஷன் (சர்வர் அனுப்பிய பக்கத்துக்கு பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் உயிரூட்டுவது) கனமான தளங்கள் மறைந்துகொள்ள இடமில்லாமல் போனது.

கேபியை விட என்னைக் கவலைப்படுத்துவது சுற்றுப்பயணங்கள், அதாவது சர்வருக்குப் போய்வரும் தடவைகள். ஒருமுறை போய்வர 150 மில்லிசெகண்ட் ஆகும் இணைப்பு என்று வைத்துக் கணக்கிடுங்கள். டிஎன்எஸ் (டொமைனின் முகவரியைத் தேடும்) நேரத்தை விட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் பிரவுசரில் கட்டும் செயலி: டிசிபி (இணைப்பு) ஒன்று, டிஎல்எஸ் 1.3 (குறியாக்கம்) ஒன்று, எச்டிஎம்எல் ஒன்று. மூன்று. ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒன்று. ஏபிஐ வேறு டொமைனில் இருந்தால் அங்கே மறுபடி டிசிபி, டிஎல்எஸ், அதன்மேல் கார்ஸ் முன்விசாரணை (வேறு டொமைனுக்கு அனுப்பலாமா என்று பிரவுசர் கேட்பது) ஒன்று, பிறகுதான் உண்மையான கோரிக்கை. நான்கு. மொத்தம் எட்டு, 1,200 மில்லிசெகண்ட். இவை வரிசையாக நடப்பவை, ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது. கோப்பு பதிவிறங்கும் நேரமும் அது ஓடும் நேரமும் இதில் சேரவில்லை. சர்வரே எச்டிஎம்எல் அனுப்பினால் மூன்று, சிஎஸ்எஸ்க்கு ஒன்று. நான்கு, 600 மில்லிசெகண்ட்.

இந்த எட்டில் மூன்றைக் காலி செய்ய ஃபிரேம்வொர்க்கை மாற்ற வேண்டியதே இல்லை. ஏபிஐயைத் தனி டொமைனில் வைக்காமல் அதே டொமைனில் ஒரு பாதையின் கீழ் வைத்தால் டிசிபி, டிஎல்எஸ், முன்விசாரணை மூன்றும் போய்விடும். 450 மில்லிசெகண்ட் மிச்சம். தனி டொமைன்தான் வேண்டும் என்றால் முன்விசாரணைப் பதிலை நினைவில் வைக்கச் சொல்லும் ஹெடரையாவது வையுங்கள். குரோம் அதை அதிகபட்சம் 2 மணி நேரம் வைத்துக்கொள்ளும், அதுவும் ஒவ்வொரு யுஆர்எல்லுக்கும் தனித்தனியாக.

ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்கு "ஒன்று" என்று எழுதினேனே, அதுகூடச் சின்னக் கோப்புக்குத்தான். புதிய டிசிபி இணைப்பு முதல் சுற்றில் 10 பாக்கெட், ஏறக்குறைய 14 கேபிதான் அனுப்பும். அடுத்த சுற்றில் 28, பிறகு 56, 112, 224 என்று இரட்டிக்கும். 45 கேபிக்கு 3 சுற்று, 300 கேபிக்கு 5. எச்டிஎம்எல் வந்த இணைப்பிலேயே கோப்பும் வந்தால் கொஞ்சம் குறையும். பார்த்தீர்களா, நெட்வொர்க்கில் வித்தியாசம் இரண்டே சுற்று. 300 கேபியின் உண்மையான விலை அது இறங்கியபின் மலிவான கைப்பேசி ஒன்றில் பார்ஸ் ஆகி, கம்பைல் ஆகி, ஓடி முடியும்வரை மெயின் த்ரெட் பிடித்துவைக்கப்படுவதில்தான் இருக்கிறது.


பின்வாசல் எழுதியது:

எல்லாரும் பிரவுசர் பக்கமே பேசறீங்க. இதே கேள்வி சர்வர் பக்கத்திலும் இருக்கு, அங்கே எனக்கு நேர்எதிர் கருத்து. வெற்றுப்பக்கம் ஜாங்கோ சொன்னது சரி, ஆனா அது எளிய தேர்வு இல்ல. அது கனமான ஃபிரேம்வொர்க்தான். கனமா இருக்கறதாலதான் அது சரி.

ஃபிளாஸ்க்ங்கற சின்ன பைத்தான் ஃபிரேம்வொர்க்ல ஐந்து வரியில சர்வர் ஓடும். அப்புறம் இந்த 12 திரைக்கு என்னென்ன வேணும்னு எழுதுங்க. லாகின், பாஸ்வேர்டு மாற்றும் மின்னஞ்சல், சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (வேற தளம் பயனர் பேர்ல கோரிக்கை அனுப்பாம தடுக்கறது), படிவச் சரிபார்ப்பு, டேட்டாபேஸ் மைக்ரேஷன் (அட்டவணை அமைப்பை மாத்தறது), பக்கம் பிரிப்பு, யாருக்கு எது அனுமதி, நிர்வாகத் திரை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன். எட்டு எக்ஸ்டென்ஷன், எட்டு தனித்தனி ஆசிரியர்கள், எட்டு வெளியீட்டுக் கால அட்டவணை.

இதுல என்ன உடையும்னு கேட்டா: 2023 செப்டம்பர் கடைசியில வெர்க்ஸாய்க் 3.0 வந்தது. ஃபிளாஸ்க்குக்கு அடியில இருக்கற லைப்ரரி அது. யுஆர்எல் கையாளும் சில பழைய ஃபங்ஷன்களை அதில எடுத்துட்டாங்க. ஃபிளாஸ்க் 2.2ஐ மட்டும் பின் பண்ணி (பதிப்பை மாறாம பூட்டி), வெர்க்ஸாய்க்கைப் பின் பண்ணாம விட்டிருந்தவங்களுக்கு அடுத்த டிப்ளாய்ல இம்போர்ட் பிழை. அப்போதைய ஃபிளாஸ்க்-லாகின் பதிப்பும் அதே மாதிரி நின்னுது. கோடுல ஒரு எழுத்துகூட மாறல. லாக் ஃபைல் (எல்லாப் பதிப்பையும் குறிச்சு வைக்கற கோப்பு) வெச்சிருந்தவங்க தப்பிச்சாங்க. சின்ன ஃபிரேம்வொர்க் எடுக்கறவங்க முதல்ல பழக வேண்டியது அதுதான்: நேரடி டிபென்டன்சி மட்டும் இல்ல, அதுக்குள்ள இருக்கறதையும் சேர்த்துப் பின் பண்ணணும்.

பாஸ்வேர்டையே எடுத்துக்கங்க. ஜாங்கோ தன் ஹாஷ் (பாஸ்வேர்டைத் திருப்பி எடுக்க முடியாதபடி மாத்தறது) சுற்று எண்ணிக்கையை வெளியீட்டுக்கு வெளியீடு ஏத்திட்டே வரும், 4.2ல அது 6 லட்சம். பழைய பயனர் அடுத்தமுறை லாகின் பண்ணும்போது, அவர் கொடுத்த பாஸ்வேர்டை வெச்சே புது எண்ணிக்கையில மறுபடி ஹாஷ் பண்ணிச் சேமிச்சுக்கும். கையால எழுதறவங்க ஹாஷ் வரைக்கும் சரியா செய்வாங்க, இந்த மறுஹாஷைச் செய்யறது அபூர்வம். ஐந்து வருஷம் கழிச்சும் பழைய எண்ணிக்கையே கிடக்கும்.

ஆனா கனமானது எப்பவும் நிலைக்கும்னும் நினைக்காதீங்க. ஆங்குலர்ஜேஎஸ்ங்கற பிரவுசர் பக்க ஃபிரேம்வொர்க் 2010ல வந்தது. 2016 செப்டம்பர்ல வந்த ஆங்குலர் 2 முழுக்க வேற பொருள், நேரா மேம்படுத்த முடியாது. பழையதுக்கான ஆதரவு 2021 டிசம்பர் 31ஓட முடிஞ்சது. அதுல எழுதின பெரிய செயலிகளைத் திரை திரையா மறுபடி எழுத வேண்டி வந்தது. அதனால "எவ்வளவு பெரிசு"ன்னு பார்க்கறதை விட, நீண்டகால ஆதரவுக்கு எழுதிவெச்ச கால அட்டவணை இருக்கான்னு பாருங்க. ஜாங்கோவோட நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு மூணு வருஷம் பாதுகாப்புத் திருத்தம் உண்டு.


தோள்_கொடு எழுதியது:

குழு சார்ந்த காரணங்களையும் சொல்லியாக வேண்டும், அவை தொழில்நுட்பக் காரணம் இல்லை என்பதற்காகப் பொய்யாகிவிடாது. புதிதாக வருபவருக்கு ஆவணம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. தேதித் தேர்வி, காம்போபாக்ஸ் (தட்டித் தேடித் தேர்வுசெய்யும் பெட்டி) போன்றவை கீபோர்டுக்கும் ஸ்கிரீன் ரீடருக்கும் சோதிக்கப்பட்டே கிடைக்கின்றன. ஒழுங்கான காம்போபாக்ஸ் ஒன்றைச் சொந்தமாக எழுதினால் ஏரியா (ஸ்கிரீன் ரீடருக்கான) ஆட்ரிபியூட்டுகள், அம்பு விசைகள், எஸ்கேப், வெளியே தட்டினால் மூடுவது என்று ஒரு வாரம் போய்விடும். முன்பக்கக்காரரும் பின்பக்கக்காரரும் ஏபிஐ வடிவத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டாம். மூன்று பேர் குழுவில் இந்தக் கடைசிக் காரணம் திரும்பி உதைக்கும்: ஒரு புலம் சேர்க்க மாடல், சீரியலைசர் (தரவை அனுப்பும் வடிவத்துக்கு மாற்றுவது), டைப்ஸ்கிரிப்ட் வகை, படிவ ஸ்கீமா, திரை என்று ஐந்து இடம் தொட வேண்டும். டெம்ப்ளேட் வழியில் மூன்றுதான்.

"நாளைக்குத் தேவைப்படும்" என்பதன் அடியில் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. செயலியைப் பற்றி மிகக் குறைவாகத் தெரிந்திருக்கும் நாளில்தான் ஃபிரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். தவறாகத் தேர்ந்தெடுத்தால் மாற்றுவது எவ்வளவு கடினம் என்று தெரியாததால் பெரியதை எடுத்துப் பயத்தை அடைக்கிறார்கள். அதனால் குழுவோடு எதைத் தேர்ந்தெடுப்பது என்று வாதிடாமல் எதை மாற்றுவது கடினம் என்று பேசுங்கள். டேட்டாபேஸ் ஸ்கீமா, யுஆர்எல் அமைப்பு, உள்நுழைவு முறை ஆகிய மூன்றும் பின்னால் மாற்ற வலிக்கும். ஒரு திரையை வேறு கருவியில் திருப்பி எழுதுவது சில நாள் வேலை. அப்படியென்றால் இன்றைக்கு மொத்தச் செயலிக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை.


வெற்றுப்பக்கம்:

நன்றி, மூன்றாம்_அடுக்கு சொன்ன 20 இணைப்புக் கணக்கைக் குழுவுக்கு அப்படியே காட்டப்போகிறேன். ஆனால் அந்தப் பட்டியலை எச்டிஎம்எக்ஸில் எப்படிச் செய்வது என்பது இன்னும் பிடிபடவில்லை. ஒவ்வொரு செக்பாக்ஸ் தட்டலுக்கும் சர்வருக்குப் போவதா? அந்த வழியின் ஓட்டைகளைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


துண்டுப்பக்கம் எழுதியது:

தேர்வுக்கு சர்வருக்குப் போகாதீர்கள். பக்கம் மாறினால் தேர்வு கலையலாம் என்று ஏற்றுக்கொண்டால், செக்பாக்ஸே ஸ்டேட். தனியாக இன்னொரு பிரதி வைத்திருந்தால்தான் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். படிவத்தின் மேல் ஒரே ஒரு சேஞ்ச் லிசனர், எச்டிஎம்எக்ஸ் துண்டை மாற்றி முடித்ததும் ஓடும் நிகழ்வில் அதே ஃபங்ஷன். அது தேர்வான பெட்டிகளை ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ணி, எண்ணிக்கையையும் தலைப்புச் செக்பாக்ஸின் நடுநிலையையும் வைக்கும். 10 வரிக்குள் முடியும். எதையும் கூட்டிக் கழிக்காமல் எப்போதும் எண்ணுவதால் வரிசை நீங்கினாலும் எண்ணிக்கை பிசகாது. நீக்கு பொத்தானை மறைக்க ஸ்கிரிப்டே வேண்டாம், சிஎஸ்எஸ்ஸின் ஹேஸ் செலக்டர் போதும். 2023 டிசம்பரிலிருந்து எல்லா முக்கிய பிரவுசரிலும் அது இருக்கிறது. பத்து பக்கத்துக்குக் குறுக்கே தேர்வு நிலைக்க வேண்டும் என்று தேவை வந்தால் இந்த வழி போதாது, அப்போது மூன்றாம்_அடுக்கு சொன்னதே சரி.

இனி ஓட்டைகள். முதலாவது எல்லோரையும் பிடிப்பது: பிழைச் செய்தி தெரியாது. படிவம் தவறாக இருந்தால் 422 என்ற பிழைக் குறியீட்டைத் திருப்பி அனுப்புவதுதான் முறை. ஆனால் 400, 500 வரிசைப் பதில்களை எச்டிஎம்எக்ஸ் இயல்பாகத் திரையில் பொருத்தாது. பயனர் சேமி தட்டுவார், எதுவும் நடக்காது, மறுபடி தட்டுவார். பதிப்பு 2இல் எந்தக் குறியீட்டுக்குப் பொருத்த வேண்டும் என்று அமைப்பில் எழுதலாம். பதிப்பு 1 என்றால் பொருத்துவதற்கு முன் வரும் நிகழ்வில் 422ஐ மட்டும் அனுமதியுங்கள். 500ஐயும் சேர்த்து அனுமதித்துவிடாதீர்கள், முழுப் பிழைப் பக்கமும் ஒரு சிறிய பெட்டிக்குள் வந்து உட்காரும்.

இரண்டாவது, பின் பொத்தான். ஒரே யுஆர்எல்லில் எச்டிஎம்எக்ஸ் கேட்டால் துண்டும், நேராகத் திறந்தால் முழுப் பக்கமும் தருவது வழக்கம். பிரவுசரின் கேஷுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பயனர் வேறு தளத்துக்குப் போய்ப் பின்னால் திரும்பினால் தலைப்பும் இல்லாமல், சிஎஸ்எஸ்ஸும் இல்லாமல் வெறும் அட்டவணைத் துண்டு மட்டும் தெரியும். பதிலில் வேரி ஹெடர் (எதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று கேஷுக்குச் சொல்வது) வைத்து அதில் எச்எக்ஸ்-ரிக்வெஸ்ட் என்று குறிப்பிட வேண்டும், அல்லது துண்டுக்குத் தனி யுஆர்எல் கொடுத்துவிட வேண்டும். எனக்குப் பிடித்தது தனி யுஆர்எல், நடுவில் எந்த கேஷ் இருந்தாலும் அது குழம்பாது. டெவ்டூல்ஸில் கேஷை முடக்கிவைத்துச் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

தேடல் பெட்டிக்கு 300 மில்லிசெகண்ட் தாமதம் வையுங்கள். அதோடு நிற்காமல், முந்தைய கோரிக்கையைக் கைவிட்டுப் புதியதை எடுக்கச் சொல்லும் சிங்க் ஆட்ரிபியூட்டையும் வையுங்கள். இல்லாவிட்டால் முந்தையது முடியும்வரை புதியது வரிசையில் நிற்கும், மெதுவான இணைப்பில் தேடல் உறைந்ததுபோல் தோன்றும். சேமி பொத்தானுக்கு, கோரிக்கை ஓடும்வரை அதை முடக்கும் ஆட்ரிபியூட். இது இரட்டைத் தட்டலைக் குறைக்குமே தவிர முற்றாகத் தடுக்காது. படிவத்தில் ஒரு மறைபுலத்தில் ஒருமுறை எண் வைத்து, டேட்டாபேஸில் அதற்கு யூனிக் கட்டுப்பாடு போட்டால்தான் இரண்டு பதிவு விழாது. ரியாக்டில் எழுதினாலும் இது வேண்டும்.

சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை பாடி குறியின் மேல் ஹெடராக ஒருமுறை வைத்துவிட்டால் எல்லாக் கோரிக்கைக்கும் போகும். தேதித் தேர்வி போன்ற வெளி விட்ஜெட்டுகளைத் துண்டு வந்து விழும் ஒவ்வொரு முறையும் மறுபடி தொடங்க வேண்டும், பழையதை அழிக்கவும் வேண்டும். அழிக்காவிட்டால் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் தாவலில் மெமரி ஏறிக்கொண்டே போகும். முகவரிப் பட்டையை மாற்றும் வசதியைப் பயன்படுத்தினால் எச்டிஎம்எக்ஸ் பழைய பக்கத்தின் பிரதியை பிரவுசர் சேமிப்பகத்தில் வைக்கும். ரகசியத் தரவுள்ள திரையில் அந்த வரலாற்றை நிறுத்தும் ஆட்ரிபியூட்டை வைக்க மறக்காதீர்கள். ஸ்கிரீன் ரீடருக்கு அறிவிக்கும் லைவ் பகுதி பக்கம் முதலில் ஏறும்போதே அங்கே இருக்க வேண்டும். துண்டோடு சேர்த்து அனுப்பினால் பல ஸ்கிரீன் ரீடர்கள் அதை வாசிக்காது.


மூன்றாம்_அடுக்கு:

எண்ணிப்பார்க்கும் வழி சரியானது, அந்தப் பட்டியலுக்கு என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அந்தப் பணி ஒதுக்கீட்டுப் பலகைக்கு இல்லை. இழுத்து விடுவது, விட்டதும் உடனே காட்டுவது, சர்வர் மறுத்தால் பழைய இடத்துக்குத் திருப்புவது, இன்னொருவர் அதே அட்டையை நகர்த்தியிருந்தால் மோதலைக் காட்டுவது எல்லாம் அதில் வரும். சர்வருக்குப் போய்வரும் 150 மில்லிசெகண்ட் முழுக்க அட்டை பழைய இடத்துக்குத் துள்ளிவிட்டு மறுபடி வரும்படி விட்டால் யாரும் அதைப் பயன்படுத்த மாட்டார்கள். அந்த ஒரு திரைக்கு ஸ்டேட்டை முறையாக வைக்கும் லைப்ரரி வேண்டும். அதே செயலியை நெட்வொர்க் இல்லாமலும் ஓட்ட வேண்டும் என்று யாராவது கேட்டால் மொத்தத் திட்டத்தையும் மறுபடி யோசியுங்கள், எச்டிஎம்எக்ஸுக்கு சர்வர் இல்லாமல் வாழ்வில்லை.


வெற்றுப்பக்கம்:

அப்படியென்றால் 11 திரை ஜாங்கோ டெம்ப்ளேட், பலகை மட்டும் பிரியாக்ட். இரண்டையும் ஒரே ரெப்போவில் எப்படி இணைப்பது? பலகைக்காக நோட் (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும்) சர்வர் ஒன்றும் ஓட்ட வேண்டி வருமா?


பைட்_எண்ணி:

வேண்டாம். பில்ட் செய்யும்போது மட்டும் நோட், புரொடக்‌ஷனில் இல்லை. பலகைப் பக்கமும் ஜாங்கோ டெம்ப்ளேட்டே. அதில் ஒரு வெற்று டிவ். தொடக்கத் தரவை ஜாங்கோவின் ஜேசன்_ஸ்கிரிப்ட் ஃபில்டரால் பக்கத்திலேயே பதித்துவிடுங்கள், அது எஸ்கேப் செய்தே வைக்கும். இதனால் முதல் ஏபிஐ அழைப்புக்கான ஒரு சுற்று மிச்சமாகும். வீட் (கோப்புகளைத் தொகுக்கும் கருவி) பில்ட் செய்யும்போது மேனிஃபெஸ்ட் கோப்பை உருவாக்கச் சொல்லுங்கள். ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் மாறும் குறி) சேர்ந்த கோப்புப்பெயரை டெம்ப்ளேட் அதிலிருந்து எடுக்கட்டும். பெயரில் ஹாஷ் இருப்பதால் அந்தக் கோப்புகளுக்கு ஓர் ஆண்டு கேஷ் கொடுக்கலாம், எச்டிஎம்எல்லுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

ஸ்கிரிப்டை அடிப்படை டெம்ப்ளேட்டில் போடாமல் பலகைப் பக்கத்தின் பிளாக்கில் மட்டும் போடுங்கள். மற்ற 11 திரைக்கும் அது ஏறிக்கொண்டிருந்தால் பிரித்ததில் பயனில்லை. அந்த டிவ்வை எச்டிஎம்எக்ஸ் மாற்றும் பகுதிக்குள்ளும் வைக்காதீர்கள். உள்ளே இருந்தால் எச்டிஎம்எக்ஸ் டாமை மாற்றும்போது பிரியாக்ட் தன் மரத்தை அன்மவுன்ட் செய்யாமலே (முறையாகக் கழற்றாமலே) விட்டுவிடும், அதன் டைமரும் லிசனரும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

இழுத்து விடும் லைப்ரரி ரியாக்டுக்காக எழுதப்பட்டதாக இருந்தால் பிரியாக்டின் காம்பாட் அடுக்கை (ரியாக்ட் போலவே நடந்துகொள்ளும் பகுதியை) ஏலியஸ் செய்து, அதாவது ரியாக்டின் பெயரில் வைத்து, ஓட்டலாம். பெரும்பாலானவை ஓடும், ஆனால் ரியாக்டின் உள்விவரங்களைத் தொடும் லைப்ரரி ஓடாது. அதனால் பலகையில் வேறு எதையும் எழுதும் முன் மூன்று அட்டை, இரண்டு நெடுவரிசை வைத்து அதை மட்டும் ஓட்டிப் பாருங்கள். கீபோர்டாலும் தொடுதிரையாலும் நகர்த்திப் பாருங்கள். அங்கே தடுமாறினால் யோசிக்காமல் அந்தப் பக்கத்துக்கு ரியாக்டையே போட்டுவிடுங்கள், ஒரு திரையில் 40 கேபி கூடுவதால் ஒன்றும் குறைந்துவிடாது.